சத்தம் போடும் நாற்காலி

பாய்,

இன்று காலை முதுகுவலி என்று திருப்புலிவனத்திலிருந்து என் கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா, உங்கள் இரும்பு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அது வழக்கம்போலக் கிறீச்சிட்டது. உடைந்துவிடும் என்று பயந்து, வந்த வலியையும் மறந்து, சட்டென எழுந்து நின்றார். "சத்தம் போடும்மா, உடையாது" என்றேன். சிகிச்சை அங்கேயே தொடங்கிவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், எக்ஸ்ரே இல்லாத வலிக்கு உத்திரமேரூரில் மரியாதை கிடையாது. உங்கள் எக்ஸ்ரே உங்கள் மளிகைக்கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கல்யாண ஆல்பம் போலக் காட்டுவீர்கள். எலும்பு தேய்ந்திருக்கிறது, குனியவே கூடாது, எடை தூக்கக் கூடாது என்று யாரோ பெரிய டாக்டர் சொன்னதை, அவரே மறந்திருப்பார், நீங்கள் மறக்கவில்லை. பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் இந்த நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்தபடியே தொழுதீர்கள்.

"நெத்தி தரையில பட்டு நாலு வருஷமாவுது டாக்டரே." அதைச் சொன்னபோது மட்டும் எக்ஸ்ரேவைக் கையில் எடுக்கவில்லை.

பரிசோதித்துவிட்டு, முதுகு உறுதியாக இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போதுதான் படித்திருந்தேன், வலியை உண்டாக்குவது மூளை என்று ஒரு பிரசங்கமே செய்தேன்.

"அப்போ நான் நடிச்சிக்கினு கீறேன்றியா?" என்று எழுந்தீர்கள்.

வாசல்வரை போய்விட்ட உங்களிடம், "கடையில திருடு போச்சே, அதுக்கப்புறம் எப்படித் தூங்கினீங்க?" என்று கேட்டேன்.

"இன்னா தூக்கம்? பூனை நடந்தாலே எழுந்து குந்திக்குவேன்."

"பூனை நிஜம். சத்தம் நிஜம். தூக்கம் போனதும் நிஜம். திருடன்தான் இல்ல. உங்க முதுகும் அப்படித்தான் காவல் காக்குது, பாய்."

திரும்பி வந்து உட்கார்ந்தீர்கள். "சரி, பூனைக்குப் பழகறது எப்டி?"

உங்கள் கடையிலேயே, அடுக்கிய அரிசி மூட்டைகள்மேல் கையூன்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனியப் பழகினீர்கள். வாரத்துக்கு வாரம் அடுக்கின் உயரம் குறைந்தது.

"இன்னா பாய், மூட்டைக்கு சலாம் வெக்கிறே?" என்றார் சாமான் வாங்க வந்தவர் ஒருவர்.

"அது ஒண்ணுதாம்பா என்னைக் கேள்வி கேக்காம கீது."

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், எடையே தூக்கக் கூடாதவர், இந்த நாற்காலியைத் தோளில் சுமந்துகொண்டு கடைத்தெரு நெடுக நடந்து வந்தீர்கள். நெற்றியில் தொழுகை விரிப்பின் வரிகள் பதிந்திருந்தன.

"இத்த வெச்சிக்கோ டாக்டரே. எனக்கு வோணாம்."

"வலி?"

"அது கீது. பேஜார்தான் இல்ல."

பிறகு வலியைப் பற்றிய எத்தனையோ கருத்தரங்குகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சொல்லி முடிக்க அங்கே பேசுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு வரை ஆகிறது.

நீங்கள் மறைந்து வருஷங்கள் ஆகின்றன. உங்களுக்கு வைத்தியம் பார்த்தவன் என்ற பெருமை எனக்கு இன்னும் இருக்கிறது; அதற்கு எக்ஸ்ரே கிடையாது, நம்பத்தான் வேண்டும். நாற்காலிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சத்தம் நின்றுவிடும் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்.

நான் விடுவதில்லை.