நாலு முதுகு

7 பெப்ரவரி 1999, ஞாயிறு

இன்றைக்கும் ஒத்திகை உருப்படவில்லை. பகவதி ஜிந்துப்பிட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி, வழியில் ஆமிச் சோதனைக்கு இறங்கி ஏறி, நேரத்துக்கு வந்து நிற்கிறாள். கீழ் வீட்டில் இருக்கும் துஷ்யந்திக்கு மாடி ஏற அரை மணித்தியாலம் வேண்டும். அவளை ஏசவும் முடியாது. இந்த மாடி அவளுடைய அம்மா பத்மாவதி அக்காவினுடையது. வெள்ளவத்தையில் நடன வகுப்புக்கு இடம் தர வேறு யார் இருக்கிறார்கள்?

நான் கேட்பது பெரிய வித்தை இல்லை. நாலு பெண்களும் சபைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும், ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, வரிசையில் போவது போல. பாட்டு இல்லை, சலங்கை இல்லை. ஆனால் நடக்க வருகுதில்லையே! நாலும் அன்னம் மாதிரி மிதக்கின்றன. யாரை நோவது? அரைமண்டியும் இடுப்பு நிமிர்வும் பழக்கினது நான்தான். இப்போது “சந்தைக்குப் போறமாதிரி நடவுங்கோ” என்றால், கையில் பூக்கூடை இருப்பதாக அபிநயம் பிடிக்கிறார்கள்.

நடுவில் ரயில் போனது. கடற்கரைப் பாதை ரயில் போனால் யன்னலெல்லாம் அதிரும், எல்லாரும் நிற்பார்கள். அப்படிச் சும்மா நின்றபோது மட்டும் நாலு முதுகும் நன்றாக இருந்தன.

10 பெப்ரவரி, புதன்

பொரளையில் கூட்டம். மார்ச் 13ஆம் திகதி மாலை, ‘மூன்று இளம் நடன அமைப்பாளர்கள்’ என்று நிகழ்ச்சி. முப்பத்திரண்டு வயதில் நான் இளம். சரி, யாராவது சொன்னால் மறுப்பானேன்.

ஒவ்வொருவரும் தன் ‘அசைவுத் தத்துவத்தை’ நாலு வரியில் எழுதித் தர வேண்டுமாம். மற்ற இருவருக்கும் தத்துவம் மடை திறந்த மாதிரி வருகிறது. யோகநாதன் எட்டு வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். “மூச்சுத்தான் முதல் அசைவு வாசுகி. முகம் பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது.” சமிந்தவுக்கு எல்லாமே விழுவதுதான். விழுவதற்கு முந்திய நொடிதான் நடனம் என்கிறான். இரண்டு முழங்காலிலும் பிளாஸ்டர். அவனையாவது நம்பலாம், அடிபட்டுச் சொல்கிறான்.

உடம்பு பொய் சொல்லாதாம்! யோகனை ஒரு நாள் வெள்ளவத்தைக் காலி வீதியில் ஆமிச் சோதனை வரிசையில் நிற்க விட வேண்டும். தமிழ் என்று காட்டும் பொட்டைத் துடைத்துவிட்டு, தோளைத் தளர்த்தி, கையை வெறுமையாகத் தொங்கவிட்டு, “குட் மோர்னிங் மாத்தயா” என்று ஆமிக்காரனுக்கு ஒரு சிரிப்பு. இரவில் முகத்தில் லைட் அடித்தால், கேட்க முன்னமே அடையாள அட்டை கைக்கு வந்துவிடும். எங்கள் உடம்பு சொல்லும் பொய்க்கு எந்த அரங்கேற்றமும் கிட்ட நிற்காது. பின்னால் நின்று பார்த்தால்தான் தெரியும். முகம் சிரிக்கும், கை சிரிக்கும், முதுகு மட்டும் சோதனை மேசையை நெருங்க நெருங்க இறுகிக்கொண்டே போகும். அதற்கு மட்டும் நாங்கள் நடிக்கப் பழக்கவில்லை.

இதை எழுதினேன். பிறகு கிழித்துவிட்டு, ‘நடையைப் பற்றிய ஒரு தேடல்’ என்று எழுதிக் கொடுத்தேன். பயந்தாங்கொள்ளி.

16 பெப்ரவரி, செவ்வாய்

பத்மாவதி அக்கா ஒத்திகை பார்க்க மேலே வந்தார். முடிந்ததும் கேட்டார்.

“எப்ப ரீச்சர் திரும்புவினம்?”

“திரும்பமாட்டினம் அக்கா.”

“கடைசியிலயாவது?”

“இல்லை.”

அவர் பாவம், பகிடி என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் முகம் மாறிற்று. “அப்ப வீடியோவில என்ன தெரியும்? பின்னலோ?”

விசயம் அதுதான். துஷ்யந்திக்கு ரொறன்ரோவில் சம்பந்தம் பேசுகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை ஆட்டத்தில் பார்க்க வேண்டும் என்று கசெற் கேட்டிருக்கிறார்கள். போட்டோவை நம்பாத காலம் இது.

“அரசியல் ஒண்டும் இல்லைத்தானே ரீச்சர்?” படியிறங்கும்போது கேட்டார்.

“சீச்சீ, வெறும் நடை.”

21 பெப்ரவரி, ஞாயிறு

மற்ற இரண்டு பெண்களும் கிருலப்பனைச் சகோதரிகள். அவர்களின் அம்மாவும் இப்போது முகம் கேட்கிறாராம். தொற்றிக்கொண்டது.

2 மார்ச், செவ்வாய்

பெரிய சண்டை. பத்மாவதி அக்கா நேராகச் சொல்லிவிட்டார், பிள்ளை முன்பக்கம் திரும்பாவிட்டால் மேடை ஏறமாட்டாள் என்று. மாடியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

“பத்து வருசமா நீங்கள்தானே ரீச்சர் கண்ணைப் பழக்கினீங்கள், புருவத்தைப் பழக்கினீங்கள். இப்ப எல்லாத்தையும் சுவருக்குக் காட்டச் சொல்லுறீங்கள். ஆருக்கு இது?”

நியாயமான கேள்வி. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. “எனக்கு அக்கா! எனக்கு!” என்று கத்திவிட்டேன். பெண்கள் நாலு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

ஒரு நிமிசம் திரும்பி ஒரு சிரிப்புச் சிரித்தால் என்ன குறைந்துவிடும்? எல்லாம் குறைந்துவிடும். திரும்பினால் அது வழக்கமான நடனம், இவ்வளவு நேரம் முகத்தை ஒளித்து வைத்தது வெறும் வேடிக்கை. இது என் முதல் சொந்த வேலை. இதுவும் போனால் நான் சாகும்வரை அரங்கேற்ற ரீச்சர்தான், தாளம் போடும் தட்டுக்கழியும் கையுமாக. அது கேவலம் இல்லை. ஆனால் எனக்கு அது மட்டும் போதாது, போதவே போதாது.

5 மார்ச், வெள்ளி

அதிசயம். பத்மாவதி அக்கா தானாகவே மேலே வந்தார், கையில் ஒரு தட்டு உளுந்துவடை. “உங்கட விருப்பம்போலச் செய்யுங்கோ ரீச்சர். முதுகெண்டால் முதுகு.”

கட்டிப்பிடிக்காத குறை. விளங்கவைத்தால் விளங்கிக்கொள்கிறார்கள், நாம்தான் பொறுமை இழக்கிறோம். பகவதி வடையைக் கடித்தபடி, “ஏதோ இருக்கு டீச்சர், இவ்வளவு சுளுவா விட மாட்டாங்க” என்றாள். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை, எதையும் சந்தேகிப்பாள். ஏசினேன்.

12 மார்ச், வெள்ளி

நாலும் நடக்கின்றன. கடைசியில் நடக்கின்றன! துஷ்யந்தியின் தோள் மெல்ல ஏறுகிறது, சோதனை வரிசையில் போலவே.

13 மார்ச், சனி

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

சமிந்த விழுந்தான், கைதட்டினார்கள். யோகன் மூச்சு விட்டார், கைதட்டினார்கள். பிறகு எங்களுடையது. நான் முன்வரிசையில் சமிந்தவுக்குப் பக்கத்தில் இருந்தேன், மற்றப் பக்கம் பத்மாவதி அக்கா. மண்டபம் இருட்டு, மேடையில் மங்கலாக ஒரு விளக்கு. நாலு முதுகும் நகரத் தொடங்கின. ஒரு சத்தம் இல்லை. நான் நினைத்ததற்கு மேலாக இருந்தது.

திடீரென்று மேடையின் பின்திரை அசைந்தது. நடுவில் பிளந்தது. உள்ளேயிருந்து கலியாணவீட்டு வீடியோ லைட் ஒன்று, பெரிய லைட், பளீர் என்று எங்கள் முகத்தில்!

வீடியோக்காரர் சவுந்தரநாயகம். பெண்கள் அந்தப் பக்கம் பார்த்து நடந்தால், கமராவும் அந்தப் பக்கம் நின்றால் முகம் விழும்தானே! அக்காவின் ஏற்பாடு. வடையின் விலை.

பாய்ந்து மேடைக்குப் போயிருப்பேன். போக முடியவில்லை. ஏன் என்றால், என் கை அதற்குள் கைப்பைக்குள் போய் அடையாள அட்டையை வெளியே எடுத்துவிட்டது. நான் எடுக்கவில்லை, கை எடுத்தது. பக்கத்தில் பார்த்தேன். பத்மாவதி அக்கா அட்டையை நீட்டியபடி இருந்தார். பின்வரிசையிலும் பைகளின் சிப் திறக்கும் சத்தம். யாரோ ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார்.

பெண்கள் நிற்கவில்லை. அந்த வெளிச்சத்தை நோக்கி நடந்துகொண்டே இருந்தார்கள். நாலு கறுப்பு முதுகு.

முடிந்தது. கைதட்ட நேரம் எடுத்தது. சமிந்த கண்ணை மறைத்திருந்த கையை எடுத்துவிட்டு, சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான், “அக்கே, ஏன் நீங்கள் எல்லாரும் பைக்குள் கைவிட்டீர்கள்?”

அவன் என் மடியில் இருந்த அட்டையைப் பார்த்தான். பிறகு கேட்கவில்லை.

14 மார்ச், ஞாயிறு

காலையில் யோகன் போன் எடுத்தார். “அந்த லைட் இருக்கே வாசுகி, அபாரம்! எங்க பிடிச்சீங்கள் அந்த யோசனையை?”

வெள்ளவத்தையில் பிடித்தேன், ஒரு தட்டு உளுந்துவடைக்கு.

எல்லாரும் லைட், லைட், லைட். ஒருத்தர்கூட முதுகைப் பற்றிக் கதைக்கவில்லை. என் மூன்று மாத வேலையில் எல்லாரும் கண்ட ஒரே விசயம் நான் செய்யாதது. எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது. அதைவிட எரிச்சல் என்ன என்றால், அவர்கள் சொல்வது சரி. நான் எழுதிக் கிழித்ததை, அரசியல் இல்லை அக்கா என்று மறைத்ததை, அந்த வீடியோக்கார மனுசன் ஒரு சுவிச்சைப் போட்டுச் சொல்லிவிட்டார். எனக்குத் துணிவில்லாததை அவர் தெரியாமல் செய்தார்.

17 மார்ச், புதன்

கண்டியில் ஒரு மண்டபத்தில் செய்யக் கேட்கிறார்கள். “லைட்டும் அதே மாதிரி” என்று குறிப்பாக. பதில் சொல்லவில்லை. பத்மாவதி அக்காவோடும் கதைக்கவில்லை. மாடிக்கு ஏறுகிறேன், இறங்குகிறேன்.

28 மார்ச், ஞாயிறு

கசெற் வந்துவிட்டது. பத்மாவதி அக்கா கீழே கூப்பிட்டார். போகாமல் விடுவோம் என்றுதான் நினைத்தேன்.

துஷ்யந்தி சுவரோரம் நின்றாள். அக்கா ரீவியைப் போட்டார். பிள்ளையின் முகம் திரை முழுக்க வந்தது. சிரிப்பு இல்லை, நான் பழக்கிய கண் இல்லை, புருவம் இல்லை. வெளிச்சத்துக்குக் கூசி, உதட்டை மடித்துக்கொண்டு, எதற்கோ பதில் சொல்ல ஆயத்தமாக இருக்கும் ஒரு இருபது வயதுப் பெண்.

“இதையெப்பிடி மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்டுறது?” என்று அக்கா சொல்லத் தொடங்கினார். சொல்லி முடிக்கவில்லை. பெண்களின் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் மங்கலாக, முன்வரிசை தெரிந்தது. காஞ்சிபுரம் கட்டி, மல்லிகைப்பூ வைத்து, அடையாள அட்டையைக் காற்றில் நீட்டிக்கொண்டு அவர் இருந்தார்.

பின்னுக்கு ஓட்டிப் பார்த்தார். திரும்ப ஓட்டினார். அட்டை பைக்குள் போனது, வந்தது, போனது, வந்தது.

“இதில ஆடினது நான்தான் போல, ரீச்சர்.”

துஷ்யந்தி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

அக்கா ரீவியை நிற்பாட்டினார். கசெற்றை எடுத்து என் கையில் தந்தார். “சவுந்தரநாயகத்திட்டச் சொல்லி ஒரு கொப்பி அடியுங்கோ, ரொறன்ரோவுக்கு அனுப்ப. ஒண்டும் வெட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. பிள்ளை எங்கயிருந்து வாறாள் எண்டு அவையும் பாக்கட்டும்.”

நாளைக் காலையில் போய் அவரைப் பார்க்க வேண்டும். கண்டி மண்டபத்துக்கும் அந்த லைட்டோடு வருவாரா என்று கேட்க வேண்டும்.