கடைசியாக முடிக்கும் குரல்

பிப்ரவரி 4, 2025. நகரி, ஆந்திரா

சாயப்பட்டறைத் தெருவைத் தவிர்த்து, சுற்றிப்போய்ப் பால் வாங்கி வந்தேன். அங்கே கிருஷ்ணப்பா ஆவியில் வெந்து செத்ததிலிருந்து இப்படித்தான். ஐந்தாவது வரை என்னிடம் தமிழில் படித்தவன். வகுப்பே சேர்ந்து வாசித்து நிறுத்தும். அவன் குரல் மட்டும் பின்தங்கி வந்து கடைசிச் சொல்லை முடிக்கும். அந்தக் குரல் இன்று பால் கடையிலும் கேட்டது.

பிப்ரவரி 6

பட்டறை மேஸ்திரி தாமோதரனைச் சந்தையில் பார்த்தேன்.

"புது மிஷின் சார். ஆவி எறங்காம மூடி தொறக்கக்கூடாதுன்னு தெலுங்குல போர்டு வெச்சிக்கீறோம். படிச்சியாடான்னு கேட்டேன், தலையாட்டினான். என்னவிட நல்லா தெலுங்கு பேசுவான் சார்!"

பேசுவான். சைக்கிள் ஓட்டுகிறவனுக்கெல்லாம் பஞ்சர் ஒட்டத் தெரியுமா? இந்த ஊரில் தெலுங்கு காது வழியாக வந்துவிடும். எழுத்து அப்படி வராது. எங்கள் பள்ளியில் அது ஆறாவதில்தான். அவன் ஐந்தாவதோடு நின்றவன்.

வகுப்பிலும் புரியாவிட்டால் தலையாட்டுவான்.

பிப்ரவரி 7

தூக்கமில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

கிருஷ்ணப்பாவின் மனைவி ரோஜா வந்தாள். நாளை முதல் பட்டறையில் வேலையாம். அதே மிஷின்.

"போர்டு படிச்சியாம்மா?"

தலையாட்டினாள். ஐயோ, அதே ஆட்டல்!

"என்ன போட்டிருக்கு?"

தரையைப் பார்த்தாள். "தமிழ்னா படிப்பேன் சார். தெரியலன்னு சொன்னா வேற ஆள வெச்சிக்குவாங்க. புள்ளைங்க துன்றதுக்கு நீங்களா குடுப்பீங்க?"



பிப்ரவரி 10

விடிந்ததும் பட்டறைக்குப் போய் மிஷின் முன்னால் நின்றுகொண்டேன்.

"தமிழிலும் எழுதி வை, தாமோதரா."

"ஓனர் திருப்பதில கீறார் சார், கேக்கணும்."

"கேளு. அதுவரைக்கும் நகர மாட்டேன்."

போன் பேசிவிட்டுச் சிரித்தான். "எழுதிக்கச் சொல்லிட்டார். பெயிண்ட் கீது, ஆளுதான் இல்ல. நீங்களே எழுதுங்க. கிளாஸ்ல மாதிரி குண்டு குண்டா!"

எழுதினேன்: ஆவி இறங்கும்வரை மூடியைத் திறக்காதே. ஒரு எழுத்து கோணிவிட்டது.

பிப்ரவரி 12

பால் வாங்கப் பட்டறைத் தெரு வழியாகவே போனேன். உள்ளே பெண்கள், விளையாட்டுப் போல, பலகையைச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினார்கள். நானும் நின்றேன்.

பின்தங்கி வந்த ஒரு குரல் கடைசிச் சொல்லை முடித்தது.

ரோஜாதான். ரோஜாவாகத்தான் இருக்க வேண்டும்.