எந்த ஒளியைப் படிக்கிறது, மச்சாள்?

என் செல்ல மச்சாள் வாணிக்கு,

முதலில் நல்ல சேதி. எனக்கு இடம் கிடைத்துவிட்டது. கலாநிதிப் பட்ட ஆய்வுப் படிப்புக்கு, புலமைப்பரிசிலோடு, நாம் இருவரும் உலகப்படத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குளிர் தேசத்தில்தான். மின்னஞ்சல் வந்தபோது கொக்குவில் வீட்டில் கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குச் சொல்லுமுன் உனக்குச் சொல்லவென்று கைபேசியில் உன் பெயரைத் தேடிவிட்டேன். இரண்டு வருடமாகியும் என் கைக்கு நீ இல்லையென்பது விளங்கவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். நீ என் அப்பாவின் தங்கையான மாமியின் மகள். ஒரே வருடம் பல்கலைக்கழகம் போனோம், ஒரே ஆய்வுகூட மேசையில் பௌதிகம் படித்தோம். இறுதியாண்டில் உனக்குக் காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு நான் தனியாகத்தான் படித்தேன்.

கோப்பாயில் உன் அம்மா சுகம். மாமிக்கு முழங்கால் நோ கொஞ்சம் இருக்கிறது, ஆனால் கிணற்றடியில் வேறு ஒருவரையும் தண்ணீர் அள்ள விடமாட்டார். தனியாக இருக்கப் பயமில்லையா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நீ வளர்த்த கறுத்தப் பூனை குட்டி போட்டிருக்கிறது. எல்லாம் உன்னைப் போல அடங்காத சாதி.

இனி என் தலையிடிக்கு வருகிறேன். ஒளியியலில் எந்தக் குழுவில் சேர்கிறேன் என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டியிருந்தது. இரண்டு பேராசிரியர்கள் எடுக்கத் தயார். ஒருவர் உன் ஆள், ஒளியை ஒற்றை ஒற்றைப் போட்டோனாக, தனித்தனி ஒளித்துகளாகப் பிடித்து ஆராய்கிறவர். மற்றவர் சிலிக்கன் சில்லுக்குள் ஒளியை ஓடவிடுகிறவர். மயிரை விட மெல்லிய பாதைகள் செய்து, மின்சாரம் செய்கிற வேலையை ஒளியைக்கொண்டு செய்விக்கிறார்கள்.

சனிக்கிழமை குடும்பமே சேர்ந்து வீடியோவில் மாநாடு வைத்தது. உனக்குத் தெரியும்தானே எங்கள் ஆட்களை. லண்டன் சித்தப்பா ஒளியியல் என்றால் கண் வைத்தியம் என்று முடிவுகட்டிவிட்டார். படிப்பு முடிய அங்கேயே ஒரு கண்ணாடிக் கடை போடலாம் என்று இடமும் சொன்னார். கனடா பெரியம்மா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கமெராவுக்குக் காட்டி, இதில் கீறல் விழாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டார். நான் துணியால் துடைக்கச் சொன்னேன்.

பிறகு உருப்படியாக விசாரித்தேன். நமக்கு மூத்த வகுப்பில் படித்த ஒரு அண்ணை ஒற்றைப் போட்டோன்தான் படித்தவர். பட்டம் வாங்கிய பிறகு ஒவ்வொரு நாடாகத் தற்காலிக வேலையில் அலைகிறார். மனம் நொந்து கதைக்கவில்லை, அழகான வேலை என்றுதான் சொன்னார், ஆனால் அடுத்த வருடம் எங்கே இருப்பார் என்று அவருக்கே தெரியாது. சில்லுப் பக்கம் போன இன்னொரு மூத்த வகுப்பு அக்காவை ஆய்வை எழுதி முடிக்குமுன்னே கம்பனிக்காரர் கேட்டு எடுத்துவிட்டார்கள். தலைப்பின் பெயரைப் பார்க்காமல் கை என்ன பழகுகிறது என்று பார்க்கச் சொன்னார் அவர். வரைந்து, செய்து, அளந்து பார்க்கத் தெரிந்தவளுக்கு எங்கேயும் கதவு திறக்குமாம். ஒற்றைப் போட்டோனை வைத்து வேலை செய்கிற குவாண்டம் கம்பனிகளும் இப்போது வந்திருக்கின்றனவாம், அவர்களும் சில்லு செய்யத் தெரிந்தவர்களைத்தான் தேடுகிறார்களாம்.

அப்படியென்றால் சில்லுதானே? யாரும் அதைத்தான் சொல்வார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் அதில்தான் ஆசை, வேலைக்காக மட்டும் இல்லை. செய்து முடித்த பொருளைக் கையில் வைத்துப் பார்க்க எனக்குப் பிடிக்கும், அது உனக்குத் தெரியும். நீ வேறு மாதிரி. இருட்டறையில், போட்டோன் விழும்போது சத்தமிடுகிற அந்தப் பழைய உணர்கருவியை வைத்து ஒளியைக் குறைத்துக் குறைத்துக் கொண்டுபோனாயே, டிக், டிக் என்று கேட்கத் தொடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"ஒவ்வொண்டா வருது மச்சாள். இனி நான் வேறை ஒண்டும் படிக்கமாட்டன்."

அந்தப் பிடி இன்னும் எனக்குத் தெரிகிறது. அதை எப்படி விட்டுவிட்டுப் போகிறது?

அதைவிடப் பெரிய காரணமும் உண்டு. உன் செத்தவீட்டில் உன்னைத் தூக்கப் போகிற நேரம் மாமி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வாணி விட்டதை இவள் படிப்பாள் என்று ஊருக்குச் சொல்லி அழுதார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு யார்தான் தலையாட்டாமல் இருந்திருப்பார்கள்? ஆனால் ஆட்டிய தலை ஆட்டியதுதானே.

போன வாரம் உன் இரண்டாம் வருடத் துவசம். மாமி உனக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தார். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, மரவள்ளிப் பொரியல், கடைசியில் ஐஸ்கிறீம். உருகும் என்று தெரிந்தும் இலையில்தான் வைக்கவேண்டுமாம். நீ வந்து சாப்பிடுவதற்கென்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். திறந்தபோது ஐஸ்கிறீம் குழம்போடு கலந்து ஓடியிருந்தது. பிள்ளை அவசரப்பட்டுச் சாப்பிட்டிருக்கிறாள் என்று சொல்லி மாமி சிரித்தார், பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

அன்று பின்னேரம் என் குழப்பத்தை அவருக்குச் சொன்னேன். எனக்கு எதில் ஆசை என்பதை மட்டும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். சிரிக்காதே. லேசரோடு மாரடித்தவள் பூக்கட்டிப் பார்க்க ஓமென்றேன். எனக்காக வேறு யாராவது முடிவெடுத்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் விடிய ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். வெள்ளை வந்தால் போட்டோன், சிவப்பு வந்தால் சில்லு என்று வாசலில் மாமிக்குச் சொன்னேன். ஓம், ஓம் என்றார். வெள்ளைக்கு நந்தியாவட்டை ஒரு பொட்டலம், சிவப்புக்குச் செவ்வரத்தை ஒரு பொட்டலம், இரண்டையும் ஐயர் பிள்ளையாரின் காலடியில் வைத்துப் பூசை செய்தார். மாமி கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். பிரித்தேன். வெள்ளை.

மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. உன் பாடம் கிடைத்ததற்கு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும், வாணி. ஒரு துளி சந்தோசமும் வரவில்லை. வீடு வரும்வரை மாமி பின்னாலிருந்து கதைத்துக்கொண்டே வந்தார். இன்றைக்கே உன் பேராசிரியருக்கு எழுதிவிடவேண்டும், பிறகு மனம் மாறக்கூடாது என்று நினைத்துக்கொண்டு ஓட்டினேன்.

தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, முகத்தை ஏன் உப்பிடி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். வெள்ளை வந்துவிட்டது, போட்டோனுக்கே எழுதுகிறேன் என்றேன். மாமி என்னை விநோதமாகப் பார்த்தார்.

"உன்ரை படிப்பைப் பற்றி நான் பிள்ளையாரிட்டை என்னத்தைக் கேக்கிறது? எனக்கே உது விளங்காது. நீ மற்றதைப் படிச்சால் வாணி கோவிப்பாளோ எண்டுதான் கேட்டனான். கோவிக்கமாட்டாள் எண்டால் வெள்ளையைத் தா எண்டு கேட்டன்."

மற்றதில்தான் எனக்கு ஆசை என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். இரண்டு கிழமையாக நீ வாயைத் திறந்தால் சில்லுக் கதைதானே என்றார். பிறகு பக்கத்தில் வந்து இருந்து என் தலையைத் தடவினார்.

"செத்தவீட்டிலை நான் சொன்னது அழுகையிலை சொன்னது, பிள்ளை. அதை நீ தூக்கிக்கொண்டு திரியாதை."

உன் செத்தவீட்டில் நான் அழவில்லை, ஞாபகமா? எல்லோரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று சொன்னார்களாம். இப்போது மாமியின் மடியில் விழுந்து அழுதேன். தேத்தண்ணி ஆறிப்போனது. மாமி திரும்பவும் சூடாக்கித் தந்தார்.

வியாழக்கிழமை சில்லுப் பேராசிரியருக்கு எழுதிவிட்டேன். புரட்டாதியில் பயணம். அங்கே போனபிறகு கதைப்பாயோ என்று மாமி கேட்டார். ஒவ்வொரு நாளும் கதைப்பேன், என் குரல் கடலுக்கடியில் கண்ணாடி நூலுக்குள்ளே ஒளியாக ஓடித்தான் கோப்பாய்க்கு வரும், நான் படிக்கப் போவதும் அதற்கு வேண்டிய சாமானைத்தான் என்று சொன்னேன். அதை முதலே சொல்லியிருந்தால் பிள்ளையாரைக் கரைச்சல்படுத்தியிருக்க மாட்டேனே என்றார்.

மாமி பிள்ளையாரிடம் கேட்டு அறிந்துகொண்டார். நான் உன்னிடமே கேட்கிறேன். கோபம் இல்லைத்தானே, மச்சாள்?

உன் போட்டோனை நான் படிக்கப் போவதில்லை. ஆனால் உன் துவசத்துக்கு ஒவ்வொரு வருடமும், எங்கே இருந்தாலும், வந்துவிடுவேன். அந்தச் சாத்திய கதவுக்கு வெளியே உன் அம்மாவைத் தனியே நிற்க விடமாட்டேன்.

உன் மாமா மகள்,
என்றைக்கும் உன் மச்சாள்,
தர்சினி