சிம்பல் கேட்கிறதா என்று எழுது

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

காதுக்கு மூடி கேட்டும் கொடுக்காமல், எட்டு மாதம் என்னை ஜெனரேட்டர் அறையில் உட்காரவைத்தது இந்த புனே சூப்பர்வைசர் செய்த அநியாயம். புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன், திரும்ப வாங்க மாட்டேன். உன் மூட்டுவலி தேவலையா?

நேற்று இங்கே வேலை செய்யும் மானாம்பதிக்காரன் எல்லப்பன் முதுகில் தட்டினான். "இன்னா பீட்டரண்ணே, எவ்ளோ நேரமா கூப்ட்டுக்கினு கீறேன், மாப்ள முறுக்கா?" என்றான். நானும் சிரித்துவைத்தேன்.

அறைக்கு வந்ததும், நம் மகன் வசந்த்குமார் போனில் ஏற்றித் தந்த, வீட்டில் இருக்கும் அந்த அமெரிக்க ஜாஸ் ஆர்கன் இசைத்தட்டின் பதிவைக் கேட்டேன். ஆசிரியர் இல்லாமல் நான் கோயில் ஆர்கன் கற்றது அதைக் கேட்டுத்தானே. ஆர்கன் பாகு போல இழைகிறது. காலால் மிதிக்கும் அடிநாதம் நெஞ்சில் இடிக்கிறது. ஆனால் பின்னால் மணல் தூவுவது போல ஓடுமே, டிரம்ஸ்காரர் தட்டும் பித்தளைத் தட்டு, சிம்பல், அது இல்லை. நாலு முறை போட்டேன். இல்லை. பயமாக இருக்கிறது சுகிர்தா. போனில் உன் குரலும் பாதிதான் வருகிறது, அதனால்தான் கடிதம்.

பதிவில்தான் குறை என்கிறேன். வசந்த்குமார் இசைத்தட்டைத் துடைத்துப் போடட்டும். பிறகு தன் போனில் உள்ள பதிவையும் போடட்டும். கிறிஸ்துமஸுக்கு நம் கோயில் ஆர்கனில் நான்தான் வாசிப்பேன், வேறு யாரையும் ஃபாதர் உட்காரவைக்கக் கூடாது. நீ இசைத்தட்டு, போன் இரண்டையும் பக்கத்தில் இருந்து கேள். இரண்டிலும் சிம்பல் கேட்டால், கேட்டது என்றே எழுது.

பீட்டர்