கர்த்தர் அடைக்காத கதவு

ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மத்தியானம்

என் அன்புப் பொடிசுக்கு,

அப்பா எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் அந்த இரக்கத்துக்குள் வர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, தினமும் ஜெபத்தில் மூன்று பேர் பெயரையும் சொல்லி வருகிறோம். முப்பத்தொன்பது வயதுக்காரியைப் போய் இன்னும் பொடிசு என்று எழுதுகிறீர்களே, தபால்காரர் பார்த்தால் சிரிப்பார் என்று அம்மா சொல்கிறாள். தபால்காரர் உறையைத்தான் பார்ப்பார், உள்ளே பார்க்க மாட்டார் என்றேன். போனில் சொன்னால் போதாதா, எதற்கு இத்தனை தாள் என்று நீ கேட்பாய். போனில் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் சட்டென்று வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். என் லட்சணம் உனக்குத் தெரியாததா. அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் பயணச் செய்தி. ஆறு வாரம், ஐந்து நாடுகள், ரயிலிலும் வேனிலுமாகப் போகிறோம். போதகர், பாட்டு வாத்தியார், ஆஸ்பத்திரி நர்ஸம்மா, எலக்ட்ரீஷியன், கடைசியாக நான். போகிற இடமெல்லாம் சின்னச் சின்ன சபைகள், அகதி முகாம்களில் நடக்கிற பள்ளிக்கூடங்கள். பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொண்டுபோகிறோம். கிழிந்த பைகளைத் தைத்துக் கொடுக்கவும், அங்கே உள்ளவர்களுக்கு ஜிப் மாற்றச் சொல்லிக்கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று போதகர் அறிவித்தபோது சபை மொத்தமும் என் பக்கம் திரும்பியது. நாற்பது வருஷமாகப் பெட்டி ரிப்பேர் கடை வைத்திருப்பவன் எங்கே போய் ஒளிவது. எனக்குப் பிரசங்கம் வராதே என்றேன். உங்க தையல் மெஷின் பேசும், நீங்க சும்மா இருந்தால் போதும் என்றார் போதகர். அம்மா பக்கத்திலிருந்து, அவரால முடியாதது அது ஒண்ணுதான் என்றாள். எலக்ட்ரீஷியனோடு எனக்கு ஒரே அறையாம். அவர் குறட்டை விட்டால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும், காதுக்குப் பஞ்சு இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

பாதிச் செலவு சபை பார்த்துக்கொள்ளும், மீதியை அவரவர் திரட்ட வேண்டும். நர்ஸம்மா கேக் செய்து விற்றார், பாட்டு வாத்தியார் ஒரு பாட்டுக் கூட்டம் வைத்தார். எனக்குப் பாட்டும் வராது கேக்கும் வராது, அதனால் சபை மண்டபத்தில் நாலு சனிக்கிழமை மெஷினைப் போட்டு உட்கார்ந்தேன். 'பை வைத்தியம்' என்று போர்டு. கிழிந்ததைக் கொண்டு வாருங்கள், மனதில் பட்டதை டப்பாவில் போடுங்கள் என்று கீழே எழுதியிருந்தேன். அடேயப்பா, இந்தச் சபையில் இத்தனை கிழிசல் இருக்கிறதென்று நான் நினைக்கவே இல்லை. சக்கரம் போன பெட்டி, பிடி அறுந்த பை, வாய் மூடாத பர்ஸ் என்று வரிசை வாசல் வரைக்கும் நின்றது. பாட்டு வாத்தியார் ஒரு பை கொண்டுவந்தார், அதன் பக்கவாட்டு ஜிப் மூன்று வருஷமாகத் திறக்கவில்லையாம். ஜிப் மாட்டிக்கொண்டால் எல்லோரும் மூச்சைப் பிடித்து முன்னால்தான் இழுக்கிறார்கள். கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டுத்தான் முன்னால் கொண்டுவர வேண்டும், உன் பைக்கும் அப்படியே செய், சும்மா இழுத்துப் பல்லை உடைத்துவிடாதே. அப்படித் திறந்தால் உள்ளே இருந்து ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. நீதான் தொலைச்சே நீதான் தொலைச்சே என்று மூன்று வருஷமாக மனைவியை அவர் திட்டித் தீர்த்த அதே கண்ணாடி. அந்தம்மா பக்கத்திலேயே நின்றார். கண்ணாடியை வாங்கித் துடைத்து அவர் மூக்கில் மாட்டிவிட்டார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, குனிந்து மெஷினுக்கு நூல் கோர்த்தேன்.

அந்த மண்டபத்தில் உட்கார்ந்தால் உன் ஞாபகம் வராமல் இருக்குமா சொல். உனக்குப் பதினேழு வயது, பள்ளிப் படிப்பு முடிந்த விடுமுறை, இதே போல ஐந்து நாட்டுப் பயணத்துக்கு வாலிபர்களைக் கூட்டிப்போவதாக அப்போதிருந்த போதகர் சொன்னார், நீ முதல் ஆளாகக் கை தூக்கினாய். அதே மண்டப வாசலில் ஞாயிறு தோறும் ஷூ பாலிஷ் போட்டுப் பணம் சேர்த்தீர்கள். என் கடை பிரஷ்ஷைக் கேட்காமலே எடுத்துப் போனாய். முதல் நாள் ஒரு பெரியவருக்கு ஷூவோடு சேர்த்துக் காலுறைக்கும் பாலிஷ் போட்டுவிட்டாய், அவர் இரண்டு மடங்கு கொடுத்துவிட்டுப் போனார், மறு வாரம் செருப்போடு வந்தார். ஐந்து மொழியில் வணக்கமும் நன்றியும் எழுதி அடுக்களைக் குழாய்க்கு மேலே ஒட்டி வைத்திருந்தாய். நீ படித்தாயோ இல்லையோ, பாத்திரம் கழுவிக் கழுவி அம்மாவுக்கு மனப்பாடமாகிவிட்டது. மூன்றாவது நாட்டு நன்றியை இன்றைக்கும் காய்கறிக்காரரிடம் சொல்கிறாள். அவர் ஏதோ திட்டுகிறாள் என்று நினைத்து, கூடுதலாக இரண்டு வெங்காயம் போடுகிறார்.

அப்புறம் அந்த நீலப் பெட்டி. கடையில் யாரோ விட்டுவிட்டுப் போனதைப் புதுச் சக்கரம் போட்டு உனக்குத் தயார் பண்ணினேன். புறப்பட மூன்று வாரம் இருக்கும்போதே துணி அடுக்கி, சக்கரம் எப்படி ஓடுகிறது பார்க்கிறேன் என்று நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இழுத்து, கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தால் கூரையைத் தட்டினாரே, நினைவிருக்கிறதா. மூடியின் உள்பக்கம் பாஸ்போர்ட் வைப்பதற்கென்றே ஓர் உள்பாக்கெட் தைத்துக் கொடுத்தேன், இரட்டைத் தையல், என் கையால் நான் தைத்ததிலேயே அழகான பாக்கெட் அதுதான். கடைசியில் அதில் நீ சீப்பு வைத்தாய். வெகு நாள் சீப்புதான் இருந்தது.

இனிமேல் சுற்றி வளைக்க இடமில்லை. பயணத்துக்காக நீ அனுப்பிய பணம் போன மாதம் வந்தது. சபையில் வேறு யாரும் கொடுப்பதற்கு முன்னால் உன்னுடையதுதான் வந்தது, தெரியுமா. கூடவே ஒரு சீட்டு. "எனக்கு அடைச்ச கதவை கர்த்தர் உங்களுக்குத் திறந்திருக்கார்ப்பா. எனக்கும் சேர்த்துப் போயிட்டு வாங்க" என்று எழுதியிருந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், அதையும் குடித்தேன்.

பொடிசு, கதவை அடைத்தது கர்த்தர் இல்லை. நான்தான் அடைத்தேன்.

பாஸ்போர்ட் மனுவை நீயே எழுதி, போட்டோ ஒட்டி, அப்பா கையெழுத்துப் போட்டு ஆபீசில் கொடுத்துடுங்க, உங்க கடைக்குப் பக்கம்தானே என்று என்னிடம் தந்தாய். கொண்டுபோனேன், பொய் இல்லை. வரிசையிலும் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர் தன் பிள்ளையை வேலைக்கு வெளிநாடு அனுப்புகிறேன் என்று முன்பின் தெரியாத என்னிடம் சொல்லி அழுதார். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், வேன் கவிழ்ந்தால் யார் சொல்லுவார்கள் என்று என்னென்னவோ மனதில் ஓடியது. அதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. உள்ளதைச் சொல்கிறேன், நீ இல்லாத வீட்டுக்கு ஆறு வாரம் சாயங்காலம் கடை அடைத்து வர எனக்குத் தைரியம் இல்லை. டீ குடித்துவிட்டு வரலாம் என்று வரிசையை விட்டு வந்தேன், கடைக்குப் போய் ஜிப் வைக்கிற இழுப்பறைக்கு அடியில் மனுவை வைத்தேன். நாளைக்குக் கொடுக்கலாம் என்றுதான் வைத்தேன். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

நீ தினமும் கேட்டாய், வந்ததா அப்பா என்று. ஆபீசில் இன்னும் வரவில்லையாம் என்று தினமும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், தினமும் ஒன்று. மற்ற வாலிபர்கள் பஸ் ஏறிய காலையில் நீயும் போய்க் கையசைத்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தாய். அழவில்லை. காகிதம் ஆபீசில் தொலைந்துபோயிருக்கும், மறுபடி எழுதிப் போடலாம் என்று நான் ஆரம்பித்தேன். "வேண்டாம்ப்பா. கர்த்தர் கதவை அடைச்சார்னா நாம போய்த் தட்டிக்கிட்டு நிக்கக் கூடாது" என்றாய். அப்போதாவது இழுப்பறையைத் திறந்து காட்டியிருக்கலாம், என் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. ஆமாம்மா, அவர் சித்தம் அப்படி என்றேன். ஒளித்ததை விடவும் பொய்யை விடவும் அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொல்கிறது. என் பயத்துக்கு அவர் பெயரை எழுதி உன் கையில் கொடுத்தேன், நீயும் நம்பி வாங்கிக்கொண்டாய்.

அதற்குப் பிறகு நீ எதிலும் இரண்டாம் தடவை முட்டிப் பார்க்கவில்லை. மிஷன் பேச்சையே விட்டாய். கேட்ட படிப்பு கிடைக்காதபோதும், முதல் வேலை போனபோதும், கதவு இல்லைன்னா இல்லைதான்ப்பா என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த இழுப்பறைதான் கண்ணில் நின்றது. ஆறு வாரம் அனுப்ப மனம் வராதவன், வேலை, கல்யாணம் என்று உன்னைப் பதினாறு வருஷமாகத் தூரத்துக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நல்ல கணக்கு.

இப்போது என் பாஸ்போர்ட்டுக்கு அதே ஆபீசில் அதே படியேறிப் போனேன். ஒன்பதே நாளில் வந்துவிட்டது. கர்த்தர் உங்களுக்குக் கதவை எப்படித் திறந்திருக்கிறார் பாருங்கள் என்று சபையில் எல்லோரும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அம்மாவுக்கும் இத்தனை வருஷமாகத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமைதான் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை, சாப்பாட்டை வைப்பாள், போய்விடுவாள். மூன்றாம் நாள் என்னிடம், "எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்டச் சொல்லுங்க" என்றாள், அவ்வளவுதான். நான் பயணம் போகட்டுமா வேண்டாமா என்று உன்னிடமே கேட்டு எழுதப் போகிறேன் என்றேன். அதையும் அவ தலையில தூக்கி வைக்காதீங்க, அது வேற தந்திரம் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அதனால் கேட்கவில்லை. போகிறேன். அங்கே நாற்பது பிள்ளைகளின் பை கிழிந்து கிடக்கிறது, என் வெட்கத்துக்காக அவர்கள் காத்திருக்க முடியாது.

ஆனால் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு போகிறவர்கள் எல்லோரும் சபைக்கு முன் சாட்சி சொல்ல வேண்டும், கர்த்தர் எங்களை எப்படி நடத்தினார் என்று. எனக்குக் கதவு திறந்த கதையை நான் சொல்லப் போவதில்லை, நான் கதவை அடைத்த கதையைச் சொல்லப் போகிறேன், போதகரிடமும் சொல்லிவிட்டேன். ஊருக்கெல்லாம் தெரிந்து கடைசியில் உனக்குத் தெரியக் கூடாது என்பதால் இந்தக் கடிதம் முன்னால் வருகிறது. உன் பணத்தை உறையோடு அப்படியே வைத்திருக்கிறேன், டப்பாவில் போடவில்லை. அது கர்த்தர் திறந்த கதவுக்கென்று நீ அனுப்பியது, விஷயம் தெரிந்த பிறகும் கொடுக்க மனம் வந்தால் சொல், இல்லையென்றால் திருப்பி அனுப்புகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன். கோபம் வந்தால் திட்டி எழுது. போன் பண்ணித் திட்டினாலும் சரி, இந்தத் தடவை பேச்சை மாற்ற மாட்டேன். மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன், அந்த வார்த்தையை எழுத மட்டும் இத்தனை தாள் ஆகிவிட்டது. மன்னித்துவிடு அம்மா.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். பேத்திக்குப் பள்ளிப் பை தைத்து முடித்துவிட்டேன், அடுத்த பார்சலில் வரும், ஜிப் கெட்டி, பயப்படாமல் இழுக்கலாம். குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே. உன்னையும் உன் வீட்டையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும், நீ போகும்போதும் வரும்போதும் கூட இருக்கட்டும். அம்மா எப்போதும் ஓரத்தில் இரண்டு வரி எழுதுவாளே, இந்தத் தடவை உன் பதில் வந்த பிறகுதான் எழுதுவாளாம்.

ஒன்று மறந்துவிடாதே, உறைக்குள் இன்னொரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன், கிழியாமல் எடு. உன் மனுதான். போட்டோவில் இரட்டைச் சடை போட்டிருக்கிறாய். தொழில் என்ற இடத்தில் மாணவி என்று எழுதாமல் கர்த்தருடைய ஊழியக்காரி என்று எழுதியிருக்கிறாய், கொடுத்திருந்தாலும் ஆபீசில் திருப்பித்தான் விட்டிருப்பார்கள் அசட்டுப் பெண்ணே. தகப்பன் கையெழுத்து என்ற இடம் மட்டும் இருபத்திரண்டு வருஷமாகக் காலியாக இருந்தது. இனி எந்த ஆபீசிலும் இது செல்லாது, தெரியும். இன்று காலை ஆராதனைக்குப் போகுமுன் கையெழுத்தைப் போட்டுவிட்டேன்.

உன் வரவையும் உன் வார்த்தையையும் எதிர்பார்த்திருக்கும்,
அப்பா