நீலமாக வந்த முகம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். முழங்கால் வலியோடு மாடிக்கு ஏறித் துணி காயப்போடாதே என்றால் அம்மா என்னையே திட்டுகிறாள். வாராவாரம் போனில் பேசுகிறவனுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். நீ பேசும்போது அவள் என் பக்கத்தை விட்டு நகர்வதில்லையே, என்ன செய்ய?

கடையில் இப்போது ஸ்டீல் தகட்டில் கலரிலேயே படம் பொறிக்கிறேன். மையும் இல்லை, பெயின்டும் இல்லை. லேசரின் சூடு பட்டு ஸ்டீலின் மேல்பரப்பே நிறம் மாறுகிறது. சூட்டைக் கூட்டக் கூட்டப் பொன்னிறம், ஊதா, நீலம் என்று வரும். ஒரே அளவு வைத்தால் ஒரே நிறம்தான். முகங்களுக்கு நான் வைப்பது பொன்னிறம்.

போன மாதம் ஒரு டீச்சரம்மா பழைய வகுப்புப் படம் கொண்டுவந்தார். பொறித்து எடுத்தால் சில பிள்ளைகளின் முகம் மட்டும் நீலம். தகடு கெட்டுவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "செத்துப்போனவங்க யார் யாருன்னு உனக்கு யாரும்மா சொன்னா?" என்று கேட்டார்.

மெக்கானிக்கை வரவழைத்தேன். லென்ஸைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் கொஞ்சம் தூங்கி எழுந்திரிங்கக்கா" என்று கிண்டலடித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அம்மா பிறந்தநாளுக்குக் கொடுக்க நம் குடும்பப் படத்தைப் பொறித்தேன். அப்பா முகம் நீலமாக வந்தது. அவர் போய் எத்தனையோ வருடம் ஆயிற்று, அதை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். அம்மாவும் நானும் பொன்னிறம். நீ நீலம்.

தகட்டை மாற்றினேன். வேறு படம் வைத்தேன், நீ வேலைக்குக் கிளம்பிய அன்று எடுத்தது. அதிலும் நீலம்தான். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் தம்பி.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் செய்தாய். அம்மா சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். பிறகு நான் வாங்கினேன். முன்பெல்லாம் உன் தொழிற்சாலை இரைச்சலில் தொண்டை கிழியக் கத்துவாய். அன்று உன் குரலைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. ஏன்டா இவ்வளவு அமைதியா இருக்கு என்று கேட்டேன். "இப்பல்லாம் இங்க எப்பவுமே இப்படித்தான்க்கா" என்றாய்.

தகடுகளைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. இதெல்லாம் மெஷின் கோளாறு என்று உன் கோணல் எழுத்தில் ஒரு வரி எழுதிப் போடு, நம்பிவிடுகிறேன். எழுத முடியாவிட்டாலும் பரவாயில்லை, நான் எதையும் துருவிக் கேட்க மாட்டேன். நீ எங்கே இருந்தாலும், எப்படி இருந்தாலும், அம்மாவோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதே ராசா.

இப்படிக்கு,
உன் அக்கா