சாய்ந்த கண்ணாடியும் என் சீலும்

ஒக். 13, திங்கள்

விடியும்போதே மழை. மஹய்யாவையிலிருந்து கமராக் கடைக்கு நடை. சப்பாத்துக்குள் தண்ணீர்.

செய்ய வேண்டியவை: திரும்பி வந்த லென்ஸ்களின் பட்டியல். கண்ணாடி அலுமாரி துடைத்தல். அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

பதினொரு மணிக்கு விஜி என்றொரு பெண். நாவலப்பிட்டி. கல்யாணங்களுக்குப் போட்டோ எடுப்பவர். என் வயதுதான் இருக்கும். ஜூலையில் எங்களிடம் வாங்கிய லென்ஸும் ஒரு போட்டோவும் கொண்டுவந்தார். மணவறையில் எடுத்த குழுப்படம். மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் தெளிவு. வலது ஓரத்தில் பெண் வீட்டார் ஏழு பேர், நனைந்த கடதாசியில் வரைந்தது போல.

"பொண்ணோட மாமா ஊரெல்லாம் சொல்றாரு மிஸ். மாப்பிள்ள வீட்டோட சேந்துக்கிட்டு நான் வேணும்னே கெடுத்துட்டேனாம். சிரிக்கிறதா அழுவுறதானு தெரியல. தீபாவளிக்குப் பொறகு இருந்த ரெண்டு கல்யாணமும் போச்சு."

முதலாளி லென்ஸைத் திருப்பினார். சேர் என்றுதான் கூப்பிடுகிறோம். லென்ஸின் உடம்பில் சந்தனம், குங்குமம்.

"இது என்னது?"

"ஆயுத பூசைக்கு வச்சேன் சேர்."

"அப்ப குங்குமம் உள்ள போயிருக்கு. லென்ஸ்ல பிழை இல்ல. வச்ச ஆளோட பிழை."

கல்யாணம் ஆவணியில். பூசை இந்த மாதம். படம் கெட்டது முதலில், பொட்டு பிறகு. அந்த நொடியே தெரிந்தது. வாய் திறக்கவில்லை. விஜி தலை குனிந்து குங்குமத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். அப்போதும் திறக்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

லென்ஸ் கம்பனியின் கொழும்பு ஏஜென்டுக்கு வெள்ளிக்கிழமைக்குள் பரிசோதனை அறிக்கை போக வேண்டும். வழக்கம் போல என் சீலோடு. பெயர், கீழே பி.எஸ்சி., பௌதிகவியல். வேலைக்குச் சேர்ந்த வாரமே சேர் செய்வித்த ரப்பர் சீல். அதை வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். அன்று சாப்பிடும்போது, மை அழியாமலிருக்க, கரண்டி கேட்டார்.

மாத்திரை மறந்துவிட்டேன்.

ஒக். 14, செவ்வாய்

வானம் மூடல். மழை இல்லை. சேர் மாத்தளைக்கு.

பின்சுவரில் பத்திரிகையின் மணமகள் தேவைப் பக்கத்தை நான்கு மூலையும் ஒட்டினேன். ஸ்டாண்டில் கமரா. விஜியின் லென்ஸால் ஒரு படம். இடது மூலையில் சின்ன எழுத்தும் வாசிக்க முடிகிறது. வலது மூலை சாம்பல். சுவர் கோணலோ என்று கமராவைத் தலைகீழாக வைத்து எடுத்தேன். மங்கல் பத்திரிகையின் இடது மூலைக்கு மாறியது. ஆகவே சுவர் இல்லை. லென்ஸ்தான்.

பிறகு கடையில் இருக்கும் புதிய லென்ஸ்கள். நான்கு. மூன்றில் ஒரு ஓரம் மங்கல். இதுவரை பெட்டியே பிரிக்காதவை. அவற்றுக்கு யார் பொட்டு வைத்தது?

கடைசியாக அலுமாரியில் இருக்கும் பழையது. அதே பெயர், அதே பெட்டி, வேறு நாட்டுத் தொழிற்சாலை. நான்கு மூலையும் சுத்தம். கையில் பாரம்.

ரிப்பேர் மேசையிலிருந்து நஸீர் நானா, கடையில் எல்லாருக்கும் மூத்த அண்ணன்: "என்ன தங்கச்சி, மாப்பிள்ள தேடுற பக்கத்த விட்டுட்டு பொண்ணு தேடுற பக்கத்த ஒட்டி வச்சிருக்கீங்க?"

விஜியின் லென்ஸைக் கழற்றித் தரச் சொன்னேன். கழற்றினார். உள்ளே ஒரு துளி குங்குமம் இல்லை.

"பழசுல பித்தள வளையம், மூணு ஸ்குரூ. கண்ணாடி சாஞ்சா நேராக்கலாம். இதுல பிளாஸ்டிக் வளையம், பசை. ஒட்டினா ஒட்டினதுதான்."

"அப்ப சாஞ்சே ஒட்டியிருந்தா?"

"சாஞ்சே வெளிய வரும். முந்தி ஒவ்வொண்டா பாத்து அனுப்பினாங்க. இப்ப பாக்கிறது நாங்கதான்."

பிளாஸ்டிக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வெயிலுக்கு எதிரே எடுத்தால் புதியதுதான் நல்லது, கண்ணாடியின் மேற்பூச்சு திருந்தியிருக்கிறது. ஆனால் சரிசெய்ய இடம் வைக்காமல் ஒட்டினார்கள். ஒட்டியதைப் பார்க்கவும் இல்லை. அந்த வேலையை நாவலப்பிட்டிக் கல்யாணத்தில் ஒரு பெண் தலையில் கட்டினார்கள்.

நானாவிடம் சாட்சிக் கையெழுத்து கேட்டேன். "எனக்கு மூணு புள்ளைகள் ஈக்கி. நான் ஒண்டும் பாக்கல்ல." ஆனால் கழற்றிய லென்ஸைத் திரும்பப் பூட்டாமல், பாகங்களை வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். படம் எடுத்துக்கொண்டேன்.

ஒக். 15, புதன்

தூறல். சேரிடம் படங்களைக் காட்டினேன். பூசைத் திகதியையும் சொன்னேன்.

"மிஸ், மிச்சம் நாலு இருக்கு. கெட்டதுனு நாமளே எழுதினா யாருக்கு விக்கிறது? குங்குமம்னு எழுதுங்க. ஒரு வரி. சீல குத்துங்க."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

வீட்டில் என் பட்டமளிப்புப் படத்தை எடுத்துப் பார்த்தேன். நான் வலது ஓரம், கடைசி ஆள். முகம் தெளிவு. யாரோ பார்த்து அனுப்பிய லென்ஸ்.

மாத்திரை வாங்கினேன்.

ஒக். 17, வெள்ளி

வெயில். டவுன் முழுக்க தீபாவளிச் சனம். நடைபாதையில் ஒருத்தி தன் தங்கைக்குச் சட்டையைப் பிடித்துப் பார்த்து, "இது உனக்குப் பத்தாதுடி, ஓசியில தின்னு வளந்தவ" என்றாள். சிரிப்பு வந்தது. கடை வாசலில் நின்றுவிட்டது.

அறிக்கையை நேற்றே எழுதியிருந்தேன். உற்பத்திக் குறை. கண்ணாடி சாய்வாக ஒட்டப்பட்டுள்ளது. உள்ளே குங்குமத் தூள் எதுவும் இல்லை. கடையிலுள்ள நான்கில் மூன்றிலும் இதே குறை. மூன்று பிரதி. மூன்றிலும் சீல்.

அறிக்கைக்காக விஜி பத்து மணிக்கு வந்தார். சேர் டெலிபோனில். விஜியின் பிரதியைப் படங்களோடு கையில் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார். இரண்டு தரம்.

"இத மொதல்ல அந்த மாமாகிட்ட காட்டுறேன் மிஸ். அப்புறந்தான் கொழும்பு."

அவர் படியிறங்கிய பிறகு சேர் தன் பிரதியை வாசித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் இலகு.

"இது போகாது. நான் வேற டைப் பண்றேன். நீங்க வீட்டுக்குப் போங்க. சீல வச்சிட்டுப் போங்க, நானே குத்திக்கிறேன்."

ஏஜென்டின் பிரதி காலையிலேயே தபாலில் போய்விட்டது என்றேன். நானா தலை நிமிரவில்லை. ஸ்குரூ ஒன்று கீழே விழுந்த சத்தம்.

குடையை எடுத்தேன். மைப்பெட்டி கடையுடையது, அதை மேசையில் வைத்தேன். சீலில் இருப்பது என் பெயர். கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.